சத்தம் வேண்…

எனக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர் இருக்கிறது. சுவர் என்று மரியாதைக்குத்தான் சொல்கிறேன். அந்தப் பக்கம் யாராவது தும்மினால் இந்தப் பக்கம் நான் முகத்தைத் துடைத்துக்கொள்வேன், அவ்வளவு கனம். ஆகவே ஒட்டுக்கேட்டேன் என்று யாரும் என் மேல் பழி போடக் கூடாது. நான் என் வீட்டில், என் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். நாற்காலி சுவரை ஒட்டிக் கிடந்தது. அது நாற்காலியின் குணம்.

அந்த வீட்டில் மூன்று பேர். மகன் லிஃப்ட் மெக்கானிக். எத்தனையோ கட்டடங்களில் அவர் கை பட்ட லிஃப்ட் வழுக்கிக்கொண்டு போகிறதாம். எங்கள் கட்டடத்து லிஃப்ட் மட்டும் அவர் குடிவந்த நாளிலிருந்து நொண்டுகிறது, அதைத் தனியாகப் பேச வேண்டும். அவருடைய அப்பா டவுன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். எங்கள் மாடி முழுக்க அவரை டிரைவர் மாமா என்றுதான் கூப்பிடும். மூன்றாவது ஆள் மருமகள். அவளுக்கு நான் வைத்த பெயர் டக்டக். காரணம் அவளுடைய கீபோர்டு.

கம்ப்யூட்டர் கீபோர்டு நான் பார்க்காததா? என் தங்கை மகள் மடியில் வைத்துத் தட்டுவாள், பூனை நடந்துபோன மாதிரி இருக்கும். டக்டக்கினுடையது அந்த ஜாதியே இல்லை. தூக்கினால் செங்கல் கனம். ஒவ்வொரு கீயும் தனித்தனியாகத் தலையைத் தூக்கிக்கொண்டு நிற்கும். அவள் காலையில் உட்கார்ந்தாளென்றால் எங்கள் சுவரில் மாட்டியிருக்கும் நாள்காட்டி லேசாக ஆடும்.

ஒருநாள் போய்க் கேட்டே விட்டேன். “ஏம்மா, இது கீபோர்டா, சுத்தியல் பட்டறையா?”

“ஐயோ அக்கா, தொந்தரவா இருக்கா?”

“தொந்தரவுனு யார் சொன்னது? விவரம் கேட்டேன்.”

அவள் என்னைத் தன் நாற்காலியில் உட்காரவைத்தாள். “இந்தக் கீயை மெதுவா அழுத்துங்க. பாதியில ஒரு முட்டு வருதா? அதைத் தாண்டினதும் டக்குனு விட்டுக்கொடுக்குது பாருங்க, அங்கயே எழுத்து விழுந்தாச்சு. அடி வரைக்கும் போய் இடிக்க வேண்டியதில்ல. விரல் பாதியிலயே திரும்பிடும்.”

அழுத்திப் பார்த்தேன். உண்மைதான். கொஞ்சம் முறைத்துவிட்டு அப்புறம் ஒத்துக்கொள்ளும் மாமியார் போல இருந்தது. என் மாமியார் முறைத்ததோடு சரி.

“மத்ததெல்லாம் எப்படி?”

“தட்டையா வருதே, அதெல்லாம் ஈரத் தலகாணியக் குத்துற மாதிரிக்கா. எழுத்து விழுந்துதா இல்லையானு விரலுக்குத் தெரியாது. தெரியாததால இன்னும் ஓங்கிக் குத்துவேன். சாயங்காலம் ஒரு பாட்டில் மூடியக்கூடத் திறக்க முடியாது. ஒவ்வொருத்தர் கைக்கு ஒண்ணு. என் கைக்கு இது.”

அவள் வேலை அப்படி. யார் யாரோ பேசிப் பதிவு செய்ததை ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்டு, சொன்னது சொன்னபடி தட்டிக் கொடுப்பது. விசாரணைகள், கூட்டங்கள், டாக்டர்கள் வாய்க்குள்ளேயே முனகிவைக்கும் குறிப்புகள். காலடியில் தையல் மெஷினுக்கு இருப்பது போல ஒரு பெடல். மிதித்தால் பேச்சு ஓடும், காலை எடுத்தால் நிற்கும். ஊர்ப்பட்ட ரகசியம் அவள் காதுக்குள் போகிறது, ஒன்றையும் வெளியே விடமாட்டாள். வீணான உத்தியோகம் என்று எனக்குத் தோன்றும்.

“ஒரு வார்த்தை சரியாக் கேக்கலன்னா என்னம்மா பண்ணுவ?”

“‘தெளிவில்லை’னு போட்டுட்டுப் போயிடணும்.”

“பாதி கேட்டாலே மீதி தெரிஞ்சிடுமே!”

“அங்கதான்க்கா வம்பே. ‘வந்தா’னு பாதியில நின்னுபோனா, வந்தானா வந்தாளானு நானா முடிக்கக் கூடாது. ஒரு வாலுக்காக யாராவது ஜெயிலுக்குப் போயிருவாங்க.”

“அப்ப இந்த வேலைக்கு நான் லாயக்கில்ல. பாதி கேட்டு முழுசாச் சொல்றதுதான் எனக்குப் பொழப்பே.”

அவள் சிரித்த சிரிப்பில் உள்ளே படுத்திருந்த டிரைவர் மாமாவும் சிரித்தார். அப்போது அவருக்குச் சிரிப்பு முழுசாக வரும்.

சத்தத்தைப் பற்றி அந்த வீட்டில் அப்பாவுக்கும் மகனுக்கும் ஒத்துப்போகாது. மகனுக்குச் சத்தம் என்றாலே கோளாறு. “நல்ல லிஃப்டுன்னா வர்றதும் தெரியக் கூடாது, போறதும் தெரியக் கூடாது. முனகுதுன்னா எங்கயோ நட்டு கழண்டிருக்கு” என்பார். அப்பாவுக்கு நேர்மாறு. “சத்தம் நின்னாதான்டா பயம். நடுரோட்டுல எஞ்சின் சத்தம் நின்னுச்சுன்னு வை, வண்டியில இருக்கிற அத்தனை பேரும் உன் முதுகையே பாப்பாங்க.”

மாடிப்படித் திருப்பத்தில் மூச்சு வாங்க நின்றிருந்தபோது மாமா என்னிடம் ஒன்று சொன்னார். மத்தியான வேளை. மேலே டக்டக் தட்டிக்கொண்டிருந்தாள். “கேக்குதாம்மா? இந்தச் சத்தத்துலதான் நான் தூங்குறேன். வாழ்நாள் பூரா ஓட்டினவன். இப்ப வண்டி ஓடுது, ஓட்டுறது நான் இல்ல. முதல் தடவையா பாசஞ்சர். இதைவிட சுகம் என்ன இருக்கு?”

இதை நான் அன்றைக்கே போய் மருமகளிடம் சொல்லியிருப்பேன். ஆனால் இதில் வம்பு எதுவும் இல்லையே, யாருக்கு வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

அப்புறம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் போயிற்று. பேச்சு முழுக்கப் போகவில்லை. வார்த்தையின் தலை வரும், வால் வராது. தண்ணீர் கேட்டால் ‘தண்’. ஜன்னலைத் திறக்கச் சொன்னால் ‘ஜன்’. மற்றபடி எதைக் கேட்டாலும் தலையை ஆட்டுவார். ஆமாம் என்பதற்கும் அதே ஆட்டல், இல்லை என்பதற்கும் அதே ஆட்டல்.

எல்லாம் கெட்டது ஒரு மத்தியானத்தில். நான் அங்கே கரண்டி கடன் வாங்கப் போயிருந்தேன். (கரண்டி என் வீட்டிலும் இருந்தது.) மகனும் சாப்பிட வந்திருந்தார். மருமகள் தட்டுவதை நிறுத்திவிட்டு, மாமாவுக்கு சூப் ஊட்ட உள்ளே வந்து உட்கார்ந்தாள். மாமா வாயைத் திறக்கவில்லை. இடது கையைத் தூக்கி, ஹாலில் இருந்த அவள் மேஜைப் பக்கம் காட்டினார்.

“சத்… சத்தம்… வேண்…”

நின்றுவிட்டது. மறுபடியும் முயற்சி செய்தார். கழுத்து நரம்பு புடைத்தது. “சத்தம் வேண்…”

அவ்வளவுதான் வந்தது. இப்போது நீங்களே சொல்லுங்கள். வேணும் என்றாலும் அப்படித்தான் ஆரம்பிக்கும், வேணாம் என்றாலும் அப்படித்தான் ஆரம்பிக்கும். நம் பாஷையில் ஆசையும் மறுப்பும் ஒரே வாசல் வழியாகத்தான் வெளியே வருகின்றன. வாசலைத் தாண்டிய பிறகுதான் எது எந்தப் பக்கம் திரும்பியது என்று தெரியும். மாமாவுக்கு வாசலைத் தாண்ட முடியவில்லை.

மகன் குனிந்தார். “வேணாமாப்பா? சத்தம் வேணாமா?”

மாமா தலையை ஆட்டினார்.

“பாவம்” என்றார் மகன். “எத்தன நாளாப் பொறுத்துக்கிட்டுக் கெடந்தாரோ.” பெண்டாட்டியைத் திட்டவில்லை, அந்தக் குணம் அவருக்குக் கிடையாது. திட்டியிருந்தாலாவது அவள் திருப்பி ஏதாவது சொல்லியிருப்பாள். ஸ்பூன் மாமாவின் வாய்க்கு நேரே அப்படியே நின்றது. “எனக்குத் தோணவே இல்லீங்க” என்றாள் மெதுவாக.

சாயங்காலமே புதுக் கீபோர்டு வந்துவிட்டது. ரொட்டித் துண்டு மாதிரி மெல்லிசு, வயர்கூட இல்லை. அவரே தட்டிக் காண்பித்தார். “தட்டினா தட்டினதே தெரியாது பாருங்கக்கா. லிஃப்டுன்னா இப்படி இருக்கணும்!” பழையதை ஒரு துண்டில் சுற்றி அலமாரி மேலே ஏற்றிவிட்டார். டக்டக் துண்டின் முனையை இழுத்து நன்றாக மூடினாள்.

என் சுவர் செத்துப்போயிற்று. நாள்காட்டி ஆடாமல் நின்றது. அந்த வீட்டில் யாரும் இல்லையோ என்று சில நேரம் எனக்கே சந்தேகம் வந்து கதவைத் தட்டியிருக்கிறேன். பார்த்தால் அவள் உட்கார்ந்து தட்டிக்கொண்டுதான் இருப்பாள், மணிக்கட்டில் பட்டை கட்டிக்கொண்டு. ஒரு எழுத்து ரெண்டாக விழுகிறது, ஒரு எழுத்து விழவே இல்லை என்று அலுவலகத்திலிருந்து வேலை திரும்பி வந்தது. எந்த பாட்டில் மூடியாக இருந்தாலும் திறக்க என்னிடம் கொண்டுவருவாள்.

புதிதாக வேறொரு சத்தம் கிளம்பியது. மாமா இடது கை நகத்தால் கட்டிலின் கம்பியைத் தட்ட ஆரம்பித்தார். டிக். டிக்டிக். டிக். அவர் மகனுக்குச் சத்தம் என்றால் கோளாறல்லவா? ஸ்பானரோடு வந்து கட்டிலின் போல்ட்டுகளையெல்லாம் முடுக்கினார். நிற்கவில்லை. நகம் தேயப்போகிறது என்று கம்பியைச் சுற்றி ஸ்பான்ஜ் கட்டிவிட்டார். சுத்தமாகக் கட்டினார், தொழில்காரர். அதற்கப்புறம் மாமா தட்டியது யாருக்கும் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்துக்கு ஒரு தரம் ‘ம்’ என்று முனகுவது மட்டும் கேட்கும். பகலில் கண் மூடுவதே இல்லை. விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பார்.

மருமகள் மருந்துக் கடைக்குப் போன ஒரு நாள் நான் துணைக்கு உட்கார்ந்திருந்தேன். சும்மா இருக்க முடியுமா?

“மாமா, சத்தம் வேணுமா?”

ஆட்டினார். ஒரு கண்ணில் தண்ணீர் வழிந்தது. ஆனால் அந்தக் கண் எப்போதுமே வழிந்துகொண்டிருக்கும், சாட்சிக்கு எடுபடாது.

அவள் வந்ததும் சொன்னேன். “அம்மா, உன் மாமனார் சத்தம் வேணாம்னு சொல்லல, வேணும்னு சொல்லியிருக்காரு. நான் கேட்டேன், தலையாட்டினாரு.”

“அக்கா, அவர் எதுக்கும் ஆட்டுவாரு. ‘மாமா, நான் ஏரோப்ளேனா’னு கேட்டாலும் ஆட்டுவாரு.”

அவள் எதிரிலேயே மறுபடி கேட்டேன், அதுவும் எதிர்ப்பக்கமாக. “மாமா, சத்தம் வேணாமா?” அதற்கும் ஆட்டினார். என் கட்சி அங்கேயே கவிழ்ந்தது. இருந்தாலும் மாடிப்படித் திருப்பத்தில் அவர் சொன்ன பாசஞ்சர் விஷயத்தை எடுத்துவிட்டேன். அவள் பையைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

“அக்கா, தையல்காரர் பொண்ணு ஓடிப்போயிட்டானு நீங்கதான சொன்னீங்க? அது நீச்சல் கிளாசுக்குப் போயிருந்துச்சு.”

“ஓடித்தாம்மா போச்சு. லேட்டாயிடுச்சுனு ஓடுச்சு.”

அவள் சிரிக்கவில்லை. மாமாவைப் பார்த்தாள், பிறகு அலமாரி மேலே பார்த்தாள். “நீங்க சொல்றது நிஜமாவே இருக்கலாம்க்கா. ஆனா அந்தக் கீபோர்டு எனக்குப் பிடிச்சது. என் விரல் அதுக்கு ஏங்குது. அதனாலதான் நம்பப் பயமா இருக்கு. எனக்கு வேணும்கிறத அவர் வாயில போட்டு எடுத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். எனக்கு அது பிடிக்காம இருந்திருந்தா, இந்நேரம் இறக்கி மேஜையில வெச்சிருப்பேன்.”

எனக்குப் பிடித்ததைத்தான் நான் எப்போதும் நம்பி வந்திருக்கிறேன். இப்படியும் ஒரு மனக்கணக்கு உண்டென்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மாசங்கள் போயின. மழை பிடித்துக்கொண்டது. ஒரு மத்தியானம் ரொட்டித் துண்டுக் கீபோர்டின் பேட்டரி தீர்ந்துவிட்டது. சாயங்காலத்துக்குள் ஒரு விசாரணைப் பதிவை முடித்துக் கொடுக்க வேண்டும். வெளியே தலைகாட்ட முடியாத மழை. புருஷன் எங்கேயோ லிஃப்டுக்கு அடியில் கிடந்தார். அவள் ஸ்டூல் போட்டு ஏறுகிற சத்தம் கேட்டது. பிறகு என் சுவரில்:

டக். டக்டக். டக்டக்டக்டக்.

நாள்காட்டி ஆடியது. நான் டீயை மறந்துவிட்டேன்.

அவள் காதில் ஹெட்போன். வெளி உலகம் தெரியாது. வெகுநேரம் ஒரே மூச்சாகத் தட்டினாள். விரல்கள் இத்தனை நாள் பசியையும் தீர்த்துக்கொண்டிருக்கும். கடைசியில் ஹெட்போனைக் கழற்றியிருக்கிறாள். மாமாவின் முனகல் இல்லை. கொஞ்ச நேரத்துக்கு ஒரு தரம் வந்தே தீரும் அந்த ‘ம்’ இல்லை.

“அக்கா!”

அந்தக் கூச்சல் முடிவதற்குள் நான் அங்கே இருந்தேன். அவள் மாமாவின் கட்டிலுக்கு அருகே போகப் பயந்து வாசல்படியில் நின்றிருந்தாள். நான் போய்ப் பார்த்தேன். வாய் திறந்திருந்தது. இடது கை படுக்கையின் மேல் மலர்ந்து கிடந்தது. குறட்டை வந்தது.

“தூங்குறாரும்மா.”

“பகல்லயா?”

இருவரும் நின்று பார்த்தோம். கொஞ்ச நேரத்தில் அவர் இமை அசைந்தது. கை மெதுவாக ஊர்ந்து கம்பியைத் தேடியது. ஸ்பான்ஜை நகத்தால் தட்டியது. ஒரு தரம், இன்னொரு தரம். சத்தமே இல்லாமல்.

அவள் ஓடிப்போய் மேஜையில் உட்கார்ந்தாள். என்ன தட்டினாளோ தெரியாது, திரையில் கண்டதெல்லாம் விழுந்தது. கம்பி மேலிருந்த கை நின்றது, நழுவியது, மறுபடி படுக்கையில் மலர்ந்தது. நான் வாசல்படியில் நின்று கை காட்டினேன்: நிறுத்து. நிறுத்தினாள். கை கம்பியைத் தேடியது. கண்டக்டர் மாதிரி மறுபடி கை காட்டினேன்: போலாம். அவள் தட்டினாள். குறட்டை வந்தது.

இத்தனை தெளிவான சாட்சி என் ஆயுசில் எனக்குக் கிடைத்ததில்லை. எனக்குத் துள்ளிக் குதிக்கத் தோன்றியிருக்க வேண்டும். அவள் முகத்தைப் பார்த்த பிறகு எதுவும் தோன்றவில்லை.

சாயங்காலம் மகன் நனைந்து வந்தார். அவள் சொன்னாள். “மருந்துல தூங்கியிருப்பாரு” என்றார். “நீங்களே வந்து பாருங்க” என்றாள். அவர் ஈரச் சட்டையோடு கட்டிலருகே நின்று பார்த்தார், அவள் ஹாலில் தட்டினாள், நிறுத்தினாள், தட்டினாள். பிறகு குந்தி உட்கார்ந்து, கம்பியில் தான் கட்டிய ஸ்பான்ஜை அவிழ்க்க ஆரம்பித்தார். சுத்தமாகக் கட்டியிருந்ததால் அவிழ்ப்பதற்கு நேரமாயிற்று.

அதற்கப்புறம் மாமா பயணம் செய்தது கொஞ்ச நாள்தான். மழை விடுவதற்குள், ஒரு மத்தியானம், அவள் தட்டிக்கொண்டிருக்கும்போதே, வண்டியை நிறுத்தச் சொல்லாமல் இறங்கிவிட்டார். அவள் அந்தப் பதிவு முடியும் வரைக்கும் தட்டிக்கொண்டுதான் இருந்தாள். தெரியாது.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள்: தூக்கத்திலேயே போய்விட்டார், நிம்மதியாகப் போனார். நானும் பாடினேன். எல்லாரும் போன பிறகு அவள் என்னிடம் சொன்னாள்:

“கடைசியில நிம்மதிதான்க்கா. அதுக்கு முன்னாடி? தினமும் கேட்டிருக்காரு. வாயால முடியலன்னு கையால கேட்டிருக்காரு. அதையும் கட்டி வெச்சோம்.”

“உனக்கென்னம்மா தெரியும். உன் புருஷன்தான வேணாம்னு முடிச்சாரு.”

“அவர் லிஃப்ட் பாக்குறவரு. அவருக்கு என்ன தெரியும்? எனக்குத் தெரியும். ஒரு வார்த்தையும் நான் முடிக்க மாட்டேன். யாராவது முடிச்சு அனுப்பினாக்கூட அடிச்சிட்டு, ‘தெளிவில்லை’னு போட்டு அனுப்புவேன். அன்னைக்கு என் காதுல விழுந்தது ‘வேண்’தான். அவர் முடிச்சப்ப ஸ்பூனை வெச்சுக்கிட்டு சும்மா உக்காந்திருந்தேன்.”

  

இப்போது பழைய கீபோர்டுதான் மேஜை மேல். அவளுக்குக் கை வலி இல்லை, பாட்டில்களும் என் வீட்டுக்கு வருவதில்லை. ஆனால் முன்பு மாதிரி ஒரே ஓட்டமாகத் தட்டுவதில்லை. கொஞ்சம் தட்டுவாள், நிறுத்துவாள், உள் அறைப் பக்கம் காது கொடுப்பாள். நாள்காட்டியைப் பார்த்தே சொல்லிவிடுவேன்.

போன வாரம் அங்கே போயிருந்தேன். எதற்கு என்று கேட்காதீர்கள், கரண்டிதான். லீவு நாள். அவள் தட்டுவதை நிறுத்திவிட்டு டீ போட எழுந்தாள். உள் அறையிலிருந்து புருஷனின் குரல் வந்தது. அப்பாவின் கட்டிலில்தான் இப்போது பகலில் படுத்துக்கொள்கிறார்.

“என்ன, சத்தம் நின்னுபோச்சு?”

“டீ போடுறேன்” என்றவள், கெட்டிலோடு என் பக்கம் திரும்பினாள். “அக்கா, உங்களுக்கு?”

என் வாய் நிறைய பிஸ்கட். “வேண்…” என்றேன்.

கெட்டில் கோப்பைக்கு மேலே நின்றது. சாயவும் இல்லை, விலகவும் இல்லை. அவள் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். கேலி இல்லை, கோபம் இல்லை. எவ்வளவு நேரம் ஆனாலும் நிற்கிற மாதிரி நின்றாள். நான் அவசரமாக விழுங்கினேன்.

“வேணும்மா. வேணும்.”

ஊற்றினாள். பிறகு உள் அறையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். “உங்களுக்கு?”

“எனக்கும்” என்றார். நிறுத்தினார். கட்டில் கிரீச்சிட்டது, எழுந்து உட்கார்ந்திருப்பார்.

“எனக்கும் வேணும்” என்றார், கடைசி எழுத்து வரைக்கும்.